கடலில்லாத வட ஆற்காட்டிலிருந்து கடற்போரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்ச் சீமை ராணுவத்துக்குப் பேர்போனது. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். ஆனால் இந்தப் பக்கத்துப் போர்க்கதைகள் எல்லாம் பனிமலை, பாலைவனம், எல்லைக்கோடு என்றே இருக்கும். கடற்படைக்குப் போனவர்களின் வேலை என்ன, கப்பலில் போர் எப்படி நடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கடற்படையில் சேரப் போகும் பிள்ளைகளும், சேர்ந்தவர்களின் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

கடலே இல்லாத அரக்கோணத்தில் கடற்படைத் தளம் எதற்கு?

ஐ.என்.எஸ். ராஜாளி ஒரு விமானதளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. அதை விரிவாக்கி, 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் கடற்படைத் தளமாகத் தொடங்கிவைத்தார். அப்போது அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். இப்போது ராணிப்பேட்டை மாவட்டம்.

கடற்கரை அங்கிருந்து எழுபது கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. ஜெட் விமானத்துக்கு அது ஐந்தாறு நிமிட தூரம்தான். பதிலுக்குக் கிடைப்பவை அதிகம். எதிரிக் கப்பலின் பீரங்கி எட்டாது. உப்புக்காற்று குறைவு. சமதளமான நிலம் தாராளமாக இருப்பதால் ஓடுதளத்தை நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீட்ட முடிந்தது.

அவ்வளவு நீளம் எதற்கு என்றால், முதலில் இங்கே வந்தவை ரஷ்யத் தயாரிப்பான டியூ-142 கடற்கண்காணிப்பு விமானங்கள். முழு எரிபொருளோடு கிளம்பும்போது ஒன்றின் எடை 185 டன் வரை போகும். நம் ஊர் மே மாத வெயிலை இதோடு சேர்த்துப் பாருங்கள். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், என்ஜின் உந்துவிசையும் குறையும். பனிக்காலக் காலையில் கிளம்பும் தூரத்தில் கத்திரி வெயில் மத்தியானத்தில் கிளம்ப முடியாது. ஓடுதளம் குட்டையாக இருந்தால் எரிபொருளைக் குறைத்துக்கொண்டுதான் பறக்க வேண்டும்; எரிபொருள் குறைந்தால் கடலின் மேல் இருக்கும் நேரம் குறையும். டியூ-142 நிற்காமல் 12 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடியது. அந்தப் பலனைக் கைவிடாமல் இருக்கத்தான் நீண்ட ஓடுதளம்.

எட்டு டியூ-142 விமானங்களும் 1988-இல் கோவாவுக்கு வந்து, 1992-இல் அரக்கோணத்துக்கு மாறி, 2017 மார்ச் 29 அன்று ஓய்வுபெற்றன. அவற்றின் இடத்தில் பி-8ஐ ரக ஜெட் விமானங்கள் பறக்கின்றன. முதலாவது 2013 மே மாதம் ராஜாளியில் இறங்கியது. ஹெலிகாப்டர் விமானிகளுக்கான கடற்படைப் பயிற்சிப் பள்ளியும் இங்கேதான்.

ஆகாயத்தில் பறந்துகொண்டு தண்ணீருக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ரேடார் அலை கடல்நீருக்குள் போகாது. ஒலி போகும், காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் என்றால் கடல்நீரில் ஏறக்குறைய 1,500 மீட்டர். அதனால் காது வைத்துத்தான் தேட வேண்டும். அந்தக் காதுதான் சோனோபாய்.

அது ஒரு நீள் உருளை. விமானத்திலிருந்து தள்ளியதும் சிறிய பாராசூட் விரியும். கடலைத் தொட்டதும் உப்புநீர் பட்டு பேட்டரி உயிர்பெறும். மேல்பாதி மிதந்துகொண்டு ரேடியோ ஆன்டெனாவை நீட்டும். கீழ்ப்பாதி கேபிளோடு, முன்பே குறித்த ஆழத்துக்கு இறங்கிக் காதுகொடுக்கும். கேட்டதை விமானத்துக்கு அனுப்பும். குறித்த சில மணி நேரம் முடிந்ததும் தானாகவே நீர் புகுந்து மூழ்கிவிடும், எதிரி கையில் கிடைக்காதபடி. ஒன்று போட்டால் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரியும். எங்கே, எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வரிசையாகவோ வட்டமாகவோ பல போட வேண்டும்.

சிக்கல் எங்கே வரும்? வங்காள விரிகுடாவில். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் மேலே பரவி நிற்கிறது. கீழே உப்பு கூடிய நீர். வெப்பமும் ஆழத்துக்கு ஆழம் மாறுகிறது. ஒலி இந்த அடுக்குகளில் நேராகப் போகாமல் வளைந்துவிடும். அடுக்குக்குக் கீழே பதுங்கிய நீர்மூழ்கியின் சத்தம் மேலே தொங்கும் காதுக்கு எட்டாது. ஆகவே தேடல் தொடங்கும் முன்பே கடலின் வெப்பத்தை ஆழவாரியாக அளக்கும் கருவி ஒன்றைப் போட்டு, அதற்கேற்ப ஆழத்தை மாற்றுவார்கள். இதைச் செய்யாமல் போட்ட சோனோபாய் வீண்.

காந்தப்புல மாறுதலை அறியும் கருவியும் பி-8ஐ-யில் உண்டு. அது சில நூறு மீட்டர் நெருக்கத்தில்தான் வேலை செய்யும். இருக்குமிடம் ஏறக்குறையத் தெரிந்த பிறகு உறுதிசெய்யத்தான் பயன்படும். கடலுக்கு மேலே தாழப் பறந்து திரும்பிய விமானத்தை நன்னீரில் கழுவாமல் விடமாட்டார்கள். உப்பு ஒரு ராத்திரி தங்கினாலும் உலோகத்தைத் தின்னத் தொடங்கும்.

எம்டன் சென்னையில் உண்மையில் என்ன செய்தது?

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி சுமார். ஜெர்மானிய இலகு ரகப் போர்க்கப்பல் எம்டன், கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில், கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்றது. தேடுவிளக்கைப் போட்டு, 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளால் சுமார் 130 குண்டுகள் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, விளக்குகளை அணைத்துக்கொண்டு போய்விட்டது.

சேதத்தைவிடப் பீதி பெரிது. சென்னையிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள்.

துறைமுகம் விளக்கொளியில் இருந்ததுதான் எம்டனுக்குப் பேருதவி. கலங்கரை விளக்கம் எரிந்தது. கப்பல் தன் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க முடிந்தது. போர்க்காலத்தில் கரை விளக்குகளை அணைக்கும் கட்டாயம் இப்படிப்பட்ட பாடங்களிலிருந்து வந்தது.

எம்டனின் உண்மையான பலவீனம் நிலக்கரி. பிடித்த சரக்குக் கப்பல்களின் கரியைக் கொண்டுதான் ஓடியது. நடுக்கடலில் இரண்டு கப்பல்களைப் பக்கத்தில் கட்டி, அலையில் இரண்டும் மோதிக்கொள்ள, மூட்டை மூட்டையாகக் கரி ஏற்றுவது ஆள் கொல்லும் வேலை. கரி வகையும் முக்கியம். வேல்ஸ் நாட்டுக் கரி சூடு அதிகம், புகை குறைவு. இந்தியக் கரி நிறையப் புகையும் சாம்பலும் தந்தது. புகை தொடுவானத்துக்கு அப்பாலிருந்தே கப்பலைக் காட்டிக்கொடுக்கும், சாம்பலை வாரிக் கொட்டவே தனி ஆள் வேண்டும்.

அடுத்த மாதம் பினாங்கில் கித்தானால் ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டி, மூன்று புகைபோக்கிக் கப்பலை நான்காகக் காட்டி, பிரிட்டிஷ் கப்பல் போல உள்ளே நுழைந்து ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டுத் தரைதட்டியது. சிட்னியின் பீரங்கி பெரியது, எட்டும் தூரமும் அதிகம். அந்தச் சண்டையில் தந்திரத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

கப்பலில் ஒரு நாள் எப்படிப் போகும்?

நான்கு மணி நேர வாட்ச்களாக, அதாவது பணிமுறைகளாக. நள்ளிரவு முதல் நான்கு, நான்கு முதல் எட்டு, எட்டு முதல் பன்னிரண்டு என்று போகும். மாலை நான்கிலிருந்து எட்டு மட்டும் இரண்டிரண்டு மணியாக உடைக்கப்படும். அப்படி உடைத்தால் ஒரு நாளுக்கு ஏழு வாட்ச் வரும். ஒற்றைப்படை என்பதால் அதே ஆளுக்கு அதே நள்ளிரவு வாட்ச் தினமும் விழாது, சுழன்றுகொண்டே இருக்கும். அந்த இரண்டு மணிப் பிளவில்தான் எல்லோருக்கும் ராச்சாப்பாடும் முடியும்.

சமாதான காலத்தில் மூன்று அல்லது நான்கு குழுவாகப் பிரிப்பார்கள். போர் நெருங்கினால் இரண்டே குழு: பாதிப் பேர் எப்போதும் பணியில். அப்போது தொடர்ந்து நான்கு மணி நேரத் தூக்கம் என்பதே அரிது, அதுவும் ஆடை கழற்றாமல். இரண்டாம் உலகப் போரில் விடியலிலும் அந்தியிலும் எல்லோரும் போர்நிலைக்கு, அதாவது சண்டையில் தமக்குக் குறித்த இடத்துக்கு, போவது வழக்கம். வானத்தின் வெளிச்சப் பக்கத்தில் நிற்கும் கப்பல் கருநிழலாகத் தெரியும், இருட்டுப் பக்கத்தில் இருக்கும் நீர்மூழ்கி தெரியாது என்பதே காரணம்.

சேரப் போகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போர்க்காலக் கப்பலில் பெரும்பாலான நேரம் எதுவும் நடக்காது. நாட்கணக்கில், வாரக்கணக்கில். நடக்கும்போது சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் யார் பிழைப்பார் என்பதை, ஒன்றுமே நடக்காத வாரங்களில் கதவையும் பம்பையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார்களா என்பதே தீர்மானிக்கிறது. கீழே வரும் பதில்கள் பலவும் இதைச் சுற்றியவைதான்.

குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர்?

கப்பலே காய்ச்சிக்கொள்ளும். பழைய நீராவிக் கப்பல்களில் கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் கொதிக்கவைத்து ஆவியைக் குளிர்விப்பார்கள். அழுத்தம் குறைந்தால் நூறு டிகிரிக்குக் கீழேயே கொதிக்கும், எரிபொருள் மிச்சம். இப்போதைய கப்பல்களில் நம் தெருக்களில் கேன் தண்ணீர் எடுக்கும் ஆர்.ஓ. முறைதான், அழுத்தம் மட்டும் மிக அதிகம்.

நீராவிக் கப்பலில் முதல் பங்கு மனிதருக்கு இல்லை, பாய்லருக்கு. உப்பு கலந்த நீர் பாய்லருக்குள் போனால் குழாயின் உள்ளே படிமம் கட்டும். படிமம் இருக்கும் இடத்தில் சூடு நீருக்குப் போகாமல் உலோகத்திலேயே தங்கி, குழாய் வெடிக்கும். ஆவியைக் குளிர்வித்து நீராக்கும் கன்டென்சரின் குழாயில் ஊசி ஓட்டை விழுந்தாலும் உப்பு உள்ளே வந்துவிடும். அதனால் மணிக்கொருமுறை நீரைச் சோதிப்பார்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் குளியல் நிற்கும், அப்புறம் துணி துவைப்பு. குளியல் என்பதும் நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, திற, அலசு. அவ்வளவுதான்.

சாப்பாடு?

கீரை மூன்று நாள்கூடத் தாங்காது. தக்காளி ஒரு வாரம். முட்டைக்கோஸ் கொஞ்சம் கூட. வெங்காயமும் உருளையும் வாரக்கணக்கில் வரும், காற்றோட்டம் இருந்தால். அதன்பின் பருப்பு, அரிசி, கோதுமை மாவு, டப்பா உணவு. போர்நிலையில் யாரும் மெஸ்ஸுக்கு வர முடியாது. கையில் பிடித்து, ஒரு கையால் சாப்பிடக்கூடியதைச் சுருட்டி இடத்துக்கே கொண்டுபோவார்கள். கடல் கொந்தளித்தால் கொதிக்கும் எண்ணெய் வைக்கக் கூடாது என்பது சமையலறையின் முதல் விதி. அந்த நாளில் பூரி கிடையாது.

சாப்பாட்டை இளப்பமாக நினைக்க வேண்டாம். வேலூர்க்காரர்களுக்கு 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைப்பாகையும் திருநீறும் கோட்டைக்குள் எதில் போய் முடிந்தன என்று தெரியும். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் எச்.எம்.ஐ.எஸ். தல்வார் என்ற, பிரிட்டிஷ் கால இந்தியக் கடற்படையின் கரைத்தளத்தில் நடந்ததும் அந்த வகை. மட்டமான சாப்பாடு, அதிகாரியின் வசைச்சொல். மாலுமிகள் சாப்பிட மறுத்து வேலையை நிறுத்தினார்கள். சில நாட்களில் 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், சுமார் 20,000 பேர் என்று பரவியது. பிப்ரவரி 23-இல் தலைவர்களின் பேச்சைக் கேட்டுச் சரணடைந்தார்கள். சுதந்திரத்தை நெருக்கிக் கொண்டுவந்த நிகழ்ச்சிகளில் அதற்குரிய இடம் இன்னும் முழுதாகக் கொடுக்கப்படவில்லை என்பது எங்கள் கருத்து.

நமக்குக் கடல் பழக்கமில்லை. வாந்தி நிற்குமா?

பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கும். கடற்கரையில் பிறந்தவருக்கும் வரும், நெல்சனுக்கே கடைசிவரை வந்தது. காலி வயிற்றோடு இருக்காதீர்கள். காய்ந்த ரொட்டி, பிஸ்கட் போதும். மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு.

கப்பல்கள் ஏன் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகின்றன?

கணக்கு எளிது. நீருக்குள் பாய்ந்து வரும் வெடிகுண்டுதான் டார்பிடோ. 40 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேக டார்பிடோ நிமிடத்துக்கு 1,200 மீட்டர் சுமாருக்குப் போகும். மூன்று கிலோமீட்டரிலிருந்து விட்டால் வந்துசேர இரண்டரை நிமிடம். அதற்குள் 12 நாட் வேகக் கப்பல் 900 மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே கப்பல் இருக்கும் இடத்தைப் பார்த்து விடுவதில் பயனில்லை. இருக்கப்போகும் இடத்தைக் கணித்து விட வேண்டும். அந்த இரண்டரை நிமிடத்தில் கப்பல் திரும்பிவிட்டால் கணிப்பு தவறும். தானே குறியைத் தேடிப் போகும் டார்பிடோ வந்த பிறகு இந்த உத்தியின் பலன் குறைந்தது.

இரவில் விளக்குக் கட்டுப்பாடும் உண்டு. மேல்தளத்துக்குத் திறக்கும் கதவுகளில் இரட்டைத் திரை. சிகரெட் நெருப்புகூடக் கூடாது. குப்பையையும் பகலில் கொட்டமாட்டார்கள். மிதக்கும் குப்பை போன வழியைக் காட்டும். அந்தி மயங்கியபின் மொத்தமாகக் கொட்டினால் விடிவதற்குள் கப்பல் வெகுதூரம் போயிருக்கும்.

குண்டு பட்டு ஓட்டை விழுந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? எப்படி அடைப்பது?

நீர்மட்டத்துக்கு மூன்று மீட்டர் கீழே, பத்து சென்டிமீட்டர் விட்டத்தில், அதாவது நம் வீட்டு நான்கு அங்குல பி.வி.சி. குழாய் அளவு ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 35 லிட்டருக்கு மேல் வரும். நிமிடத்துக்கு இரண்டு டன். விட்டம் இரட்டிப்பானால் நான்கு மடங்கு. அதனால்தான் முழுக்க அடைக்க முடியாவிட்டாலும் பாதி அடைப்பதே பெரிய வெற்றி: மீதியைப் பம்பு பார்த்துக்கொள்ளும்.

வேலை நடக்கும் ஒழுங்கு இது. முதலில் தகவல்: எந்தத் தளம், எந்த அறை, எவ்வளவு ஆழம். தகவல் சொல்லாமல் வீரமாக உள்ளே குதிப்பவர் தன்னையும் இழப்பார், அறையையும் இழப்பார். இரண்டாவது, அந்த அறையின் மின்சாரத்தைத் துண்டித்து, சுற்றியுள்ள கதவுகளையும் காற்றோட்டக் குழாய்களின் வால்வுகளையும் மூடுவது. மூன்றாவது, ஓட்டை. சின்னதென்றால் மர ஆப்பு. மென்மரம் வேண்டும், வண்ணம் பூசக் கூடாது. நனைந்ததும் ஊறிப் பருத்துத் தானே இறுகும். துணியைச் சுற்றி அடித்தால் ஓரக் கிழிசல்களும் அடைபடும். பெரியதென்றால் மெத்தை, தலையணை, மடித்த கம்பளி. அதன் மேல் பலகை. பலகைக்குப் பின்னால் முட்டுமரம். முட்டின் மறுமுனையை உறுதியான சட்டத்தில் ஊன்றி, இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிராக ஆப்பு அடிப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் முட்டு நழுவும். கப்பல் ஆட ஆட ஆப்பு தளரும். அதைக் கால்மணிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்க ஓர் ஆளை நிறுத்த வேண்டும்.

பிழை நடக்கும் இடம் ஒன்று உண்டு. பக்கத்து அறை நிரம்பி, நடுச்சுவர் இந்தப் பக்கம் உப்பி வரும். அதை ஜாக்கி வைத்துப் பழைய இடத்துக்குத் தள்ள ஆசை வரும். தள்ளக் கூடாது. தகடு கிழிந்துவிடும். உப்பிய இடத்திலேயே தாங்கிப் பிடிப்பதுதான் வேலை.

கதவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீர்புகாக் கதவின் ரப்பர் பட்டையில் யாரோ சுத்தமாக இருக்கட்டும் என்று பெயின்ட் அடித்துவிடுவார்கள். பெயின்ட் காய்ந்தால் ரப்பர் இறுகி வெடிக்கும். பார்க்க அழகான கதவு, தண்ணீரை விடும் கதவு. சோதிக்கும் முறை எளிது: கதவுச்சட்டத்தின் விளிம்பில் சாக்பீஸ் தடவி, கதவை மூடி எல்லாக் கிளிப்பையும் இறுக்கி, திறந்து ரப்பரைப் பாருங்கள். வெள்ளைக்கோடு எங்கே விட்டுப்போயிருக்கிறதோ அங்கே ஒழுகும். கிளிப்புகளையும் எதிரெதிராக இறுக்க வேண்டும், ஒரே பக்கமாக வரிசையாக அல்ல.

தீயணைக்கும் தண்ணீரே கப்பலைக் கவிழ்க்குமா?

கவிழ்த்திருக்கிறது. 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் நார்மண்டி என்ற பெரிய பயணிகள் கப்பலை ராணுவப் போக்குவரத்துக்காக மாற்றிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. மேல்தளங்களில் பீய்ச்சிய தண்ணீர் அங்கேயே தேங்கியது. தீ கட்டுக்குள் வந்த பிறகு, அடுத்த நாள் அதிகாலை, கப்பல் கட்டிய இடத்திலேயே சாய்ந்து விழுந்தது.

எடையைவிட, அந்த எடை ஓடுவதுதான் ஆபத்து. பத்துக்குப் பத்து மீட்டர் அறையில் 15 சென்டிமீட்டர் நீர் நின்றால் 15 டன். கப்பல் வலப்பக்கம் சாய்ந்ததும் அவ்வளவும் வலப்பக்கம் ஓடும், சாய்வை இன்னும் கூட்டும். ஆகவே தீயணைப்பு தொடங்கும்போதே வடிகாலும் பம்பும் தொடங்க வேண்டும். எரியும் அறையைச் சுற்றி ஆறு பக்கமும், அதாவது நான்கு சுவர், மேல்தளம், கீழ்த்தளம், குளிர்விக்க ஆள் வேண்டும்; சுவரின் மறுபக்கத்துப் பெயின்டும் கேபிளும் சூட்டிலேயே பற்றும்.

உடை விஷயம்: போர்நிலையில் முகத்தையும் கழுத்தையும் மூடும் துணி, கையுறை, முழுக்கை. பருத்திதான். நைலான், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். 1982 ஃபாக்லண்ட் போரில் பிரிட்டிஷ் மாலுமிகள் இதைக் கடுமையாகக் கற்றார்கள்.

1942-இல் நம் கடலில் என்ன நடந்தது?

ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானந்தாங்கிகள் கொழும்பையும், 9 அன்று திருகோணமலையையும் தாக்கின. நடுவில் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மீஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. சென்னை மறுபடி காலியானது.

அதே வருடம் நவம்பர் 11 அன்று நடந்த சண்டை அதிகம் பேசப்படாதது. எச்.எம்.ஐ.எஸ். பெங்கால், கடற்கண்ணிகளை அகற்றும் புத்தம்புதிய சிறிய கண்ணிவாரிக் கப்பல், ஒரே ஒரு 12 பவுண்டர் பீரங்கி. ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகப் போனபோது, பத்தாயிரம் டன்னும் 14 சென்டிமீட்டர் பீரங்கிகளும் கொண்ட இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. பெங்கால் ஓடவில்லை, அவற்றை நோக்கித் திரும்பியது. ஹோகோகு மாரு தீப்பற்றி வெடித்து மூழ்கியது. குண்டு தீரும் நிலையில் பெங்கால் புகைத்திரை போட்டு விலகி டியேகோ கார்சியாவை அடைந்தது. கைவிடப்பட்ட ஒண்டினாவில் அதன் ஆட்களே திரும்ப ஏறித் தீயணைத்து ஆஸ்திரேலியா கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

1971-இல் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியை ஏமாற்றினார்களாமே?

ஏமாற்றினார்கள். அப்போது கிழக்குக் கடற்படைத் தலைமையில் இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் என்.கிருஷ்ணன். அவர் கையில் இருந்த விமானந்தாங்கி விக்ராந்தின் பாய்லர் ஒன்றில் விரிசல், முழு வேகம் எடுக்க முடியாது. விமானம் கிளம்பத் தளத்தின் மேல் எதிர்க்காற்று வேண்டும். காற்றில்லாத நாளில் கப்பலின் வேகமே அந்தக் காற்று. ஆகவே விக்ராந்த் எளிதில் காயப்படக்கூடிய நிலையில் இருந்தது. அதைத் தேடித்தான் காஸி வந்தது.

விக்ராந்த் அந்தமானில் ஒளிந்துகொண்டது. டிஸ்ட்ராயர் என்ற வேகப் போர்க்கப்பல் ரகத்தைச் சேர்ந்த பழைய ராஜ்புத் விசாகப்பட்டினத்துக்கு வெளியே போய், பெரிய கப்பல் ஒன்று இருப்பதுபோல ஏராளமான வயர்லெஸ் செய்திகளைக் கிளப்பியது. ஒரு மாலுமி தன் தாயின் உடல்நிலையை விசாரிக்கும் தந்தி ஒன்றை, விக்ராந்திலிருந்து போனதாகத் தோன்றும்படி, சங்கேதமில்லாமல் அனுப்பினார்கள். பெரிய கப்பலுக்கான அளவில் இறைச்சியும் காய்கறியும் வெளிப்படையாக ஆர்டர் கொடுத்தார்கள். சந்தையில் பேசுவது ஒற்றர் காதுக்குப் போகும் என்று தெரிந்தே. காஸி சென்னைக்கு அப்பால் தேடிவிட்டு விசாகப்பட்டினத்துக்கு வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி அங்கேயே வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை. ராஜ்புத் போட்ட, நீருக்குள் வெடிக்கும் ஆழ்குண்டு என்கிறது இந்தியா. தானே வைத்த கண்ணியோ உள்வெடிப்போ என்கிறது பாகிஸ்தான்.

கராச்சித் தாக்குதல் நாளைத்தானே கடற்படை நாளாகக் கொண்டாடுகிறார்கள்?

ஆம், டிசம்பர் 4. நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள். ஒவ்வொன்றிலும் நான்கு ஏவுகணை, எட்டும் தூரம் 40 கிலோமீட்டர் சுமார். துறைமுகக் காவலுக்கென்று செய்த சின்னப் படகுகள் என்பதால் எரிபொருள் போதாது. வழியில் பெரிய கப்பல்கள் கட்டி இழுத்துப் போயின. இரவைத் தேர்ந்தது எதிரி விமானங்களுக்கு இருட்டில் குறி கிடைக்காது என்பதால். பாகிஸ்தானின் டிஸ்ட்ராயர் கைபர், கண்ணிவாரி முஹாஃபிஸ் மூழ்கின.

ஐ.என்.எஸ். குக்ரி ஏன் அவ்வளவு சீக்கிரம் மூழ்கியது?

1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால். பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கியைத் தேடிப்போன சிறிய ஃபிரிகேட் ரகப் போர்க்கப்பல் அது. நீருக்குள் ஒலியால் தேடும் சோனாரின் கேட்கும் திறனைக் கூட்டும் சோதனை நடந்துகொண்டிருந்ததால் வேகம் குறைவாக இருந்தது. மெதுவாகப் போனால் தன் சத்தம் குறைந்து நன்றாகக் கேட்கும், ஆனால் தானும் எளிய குறியாகும். முதல் டார்பிடோ துணைக் கப்பல் கிர்பானைத் தாக்கத் தவறியது. அடுத்தது குக்ரிக்கு அடியில் வெடித்தது. டார்பிடோ பக்கவாட்டில் பட்டால் ஓட்டை. அடியில் வெடித்தால் வாயுக்குமிழி கப்பலை நடுவில் தூக்கி, பிறகு கீழே தாங்கல் இல்லாமல் விட்டுவிடும். முதுகெலும்பு முறியும். கதவை மூடியும் பயனில்லை. சில நிமிடங்களில் முடிந்தது.

18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் உயிர்காப்பு அங்கியைக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா. தப்பிய 67 பேரை மறுநாள் ஐ.என்.எஸ். கட்சல் மீட்டது. டையூவில் நினைவிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அவசியம் போய்ப் பாருங்கள்.

கடலில் குதிக்க நேர்ந்தால்?

காலை முன்னால் விட்டு, உயிர்காப்பு அங்கியை ஒரு கையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக் குதிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அங்கி மேலெழும்பித் தாடையில் அடிக்கும். எண்ணெய் எரிந்தால் காற்று வரும் திசையை நோக்கி நீந்துங்கள். பக்கத்தில் ஆழ்குண்டு வெடிக்கும் என்றால் மல்லாந்து, வயிறு நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே வருமோ அவ்வளவு மேலே வைத்து மிதக்க வேண்டும். நீரில் வரும் அதிர்வு நுரையீரலையும் குடலையும் கிழிக்கும். கடல்நீரைக் குடிக்கவே கூடாது. அதில் உப்பு 3.5 சதவீதம். அவ்வளவு அடர்த்தியான உப்பைச் சிறுநீரகத்தால் பிரிக்க முடியாது; குடித்ததைவிட அதிக நீரை உடம்பு இழக்கும். கூட்டமாக ஒட்டி இருங்கள், தனித்தலையை அலைநடுவில் யாராலும் பார்க்க முடியாது.

தாத்தா நேவியில் இருந்தார் என்கிறார்கள். எங்கே விசாரிப்பது?

பெட்டியில் பாருங்கள். பணி விடுவிப்புச் சான்று, ஓய்வூதியப் புத்தகம், பதக்கம் என்று எதுவாவது இருக்கும். வேண்டியது சேவை எண். பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பெயரின் ஆங்கில எழுத்தும் அந்தக் காலக் குமாஸ்தா எழுதியபடிதான் இருக்கும், ஆகவே இரண்டு மூன்று விதமாகத் தேடுங்கள். 1965, 1971 காலப் பதக்கங்களின் விளிம்பைச் சுற்றி எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். 1971-இல் கிழக்குப் போர்முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக்குப் பஸ்சிமி ஸ்டார். ரிப்பனைப் பார்த்தே எந்தக் கடலில் இருந்தார் என்று ஒருவாறு தெரிந்துவிடும்.

மாலுமிகளின் ஆவணங்கள் மும்பை மான்கூர்டில் உள்ள கடற்படையின் மாலுமிகள் பதிவகத்தில் இருக்கின்றன. நேரடியாக எழுதலாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போனால் எந்தத் தாளை இணைக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் கடலில் இறந்து கல்லறை இல்லாமல் போன இந்தியக் கடற்படை, வணிகக் கப்பல் மாலுமிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், கட்டணமில்லை.

பதக்கத்தைப் புளி போட்டோ பித்தளைப் பொடி போட்டோ தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், விளிம்பில் இருக்கும் எழுத்து ஒவ்வொரு தேய்ப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் நாலாபக்கமும் போட்டோ எடுத்துவைத்து, ரிப்பனைக் கழற்றாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.